கழிவை உண்ணும் சூளைகள்

கொள்ளிடத்தின் வடகரையில் ஆற்றுப் பாசனத்தை நம்பி நெல் விளைவிக்கும் தா.பழூர் ஒன்றியத்துக்கும், அதற்கு மேற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் சுண்ணாம்புப் பாறையின்மீது அமர்ந்திருக்கும் அரியலூர் நகரத்துக்கும், ஒரே மாவட்டம் என்ற நிர்வாகப் பந்தத்தைத் தவிர வேறு சம்பந்தம் அதிகமில்லை என்றே மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். முன்னது வண்டல் பூமி. பின்னது சுரங்கங்களும் புகைபோக்கிகளும் சூழ்ந்த பூமி. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால், அரியலூர்ப் பக்கத்து வானத்தில் கலந்தவை கிழக்கு நோக்கி நகர்கின்றன. அப்போது எந்த ஊர் எந்த ஆலைக்கு அண்டை என்பதை நிலப்படத்தைக் கொண்டு நிர்ணயிக்க முடிவதில்லை. அந்தக் காற்றில் என்னவெல்லாம் கலக்கக்கூடும் என்று விசாரிக்கப் புகுகிறவர், அங்குள்ள சூளைகளில் இன்று எரிவது நிலக்கரி மட்டுமல்ல என்ற விஷயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தப் பிரதேசம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்தது. ஹென்றி பிளான்ஃபோர்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்குள்ள பாறைகளை ஆராய்ந்து எழுதியதும், பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பதினெட்டு மீட்டர் நீள மரத்தை 1940இல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்னதும் பூகர்ப்ப சாஸ்திரம் பயில்வோர் நன்கு அறிந்த செய்திகள். அந்தக் கடல் விட்டுச்சென்ற சிப்பிகளும் சேறும் இறுகிச் சுண்ணாம்புக்கல்லாயின. கல் இருக்குமிடத்துக்குச் சூளை வந்தது. 1939இல் டால்மியாபுரத்தில் தொடங்கிய தொழில், 1979இல் அரியலூரில் அரசாங்கத்தின் சொந்த ஆலையாகவும், பின்னர் கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், தளவாய், கீழப்பழுவூர் முதலிய ஊர்களில் தனியார் ஆலைகளாகவும் பெருகியது.

சிமெண்ட் சூளை என்பது சற்றே சாய்வாகப் படுக்கவைத்து மெதுவாகச் சுழற்றப்படும் பிரம்மாண்டமான ஓர் இரும்புக் குழாய். மேல் முனையில் அரைத்த கல்மாவு உள்ளே செல்கிறது. கீழ் முனையில் தீ நாக்கு நீண்டு எரிகிறது. மாவு 1450 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறினால்தான் கிளிங்கர் என்னும் கட்டியாக இறுகும். அதற்குத் தீயின் உஷ்ணம் 2000 டிகிரியை நெருங்க வேண்டும். இந்த அகோரப் பசிக்கு வெளிநாட்டு நிலக்கரியும், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும், பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகளின் அடிமண்டியான பெட்கோக்கும் இரையாகி வந்திருக்கின்றன. எண்ணெயை வடித்தெடுத்தபின் எஞ்சும், கந்தகம் மிகுந்த சக்கைதானே பெட்கோக்? 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் டெல்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களில் அதைத் தொழிற்சாலைகள் எரிக்கக் கூடாது என்று தடுத்து, இரண்டே மாதங்களில் சிமெண்ட் ஆலைகளுக்கு விலக்கு அளித்ததற்குக் காரணம், சூளைக்குள் இருக்கும் சுண்ணாம்பு அந்தக் கந்தகத்தைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும் என்பதுதான். ஆகவே தொழிற்கழிவை எரிபொருளாக்கும் வழக்கம் நேற்று முளைத்ததன்று. வேறு பெயரில் நெடுநாளாக நடந்துவருவதே.

சமீப காலத்தில் மாறியது கழிவின் வகையும் அளவும். கார்த் தொழிற்சாலைகளின் பெயிண்ட் கசடு, சுத்திகரிப்பு நிலையங்களில் தேங்கும் சகதி, மருந்து ஆலைகளின் கரைப்பான் எச்சம், துண்டாக்கிய டயர், தோல் மற்றும் காலணித் தொழிலின் வெட்டுத்துண்டுகள், மறுசுழற்சிக்கு உதவாத பிளாஸ்டிக் ஆகிய யாவும் இன்று இந்தியச் சிமெண்ட் சூளைகளுக்கு உரிய பண்டங்களாகிவிட்டன. சென்னை, திருச்சி போன்ற மாநகரங்களின் பழைய குப்பை மேடுகளைக் கிளறிச் சலிக்கும்போது மிஞ்சும் எரியத்தக்க பகுதியும் சிமெண்ட் ஆலைகளை நோக்கியே லாரியேறுகிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கிலோவுக்கு 1500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரக்கூடிய கழிவைப் புதைக்கக் கூடாது என்றும், குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் நிலையத்துக்கு நூறு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஆலைகள் தம் எரிபொருளில் ஐந்து சதவீதத்தையாவது அதைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டும் என்றும் கூறின. அதே ஆண்டில் வந்த அபாயகரக் கழிவு விதிகள், ஆலைதோறும் பரிசோதனை எரிப்பு நடத்திப் பார்த்தபிறகே அனுமதி என்ற பழைய முறையைத் தளர்த்தி, புகையளவு நிர்ணயங்களுக்கு உட்பட்டால் போதும் என்று வழியைச் சுலபமாக்கின.

இதில் பணத்தின் பங்கைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கழிவை உண்டாக்கும் ஆலைக்கு, அதைப் பாதுகாப்பாகப் புதைக்கவோ தனி எரியுலையில் எரிக்கவோ ஆகும் செலவு பெரிது. சிமெண்ட் ஆலையோ, நிலக்கரிக்கு விலை கொடுத்து வாங்க வேண்டிய இடத்தில், கழிவை ஏற்றுக்கொள்வதற்குக் கட்டணமும் பெற்றுக்கொண்டு அதை எரிக்கலாம். தள்ளுகிறவனுக்கும் கொள்ளுகிறவனுக்கும் ஒருசேர லாபம் கிடைக்கும் வியாபாரம் தானாகவே பெருகும். பெருகுவதைத் தடுக்கும் ஆற்றல் விலைக்கு இல்லை, மேற்பார்வைக்குத்தான் உண்டு.

சிமெண்ட் சூளையில் கழிவை எரிப்பதே மகாபாதகம் என்று பேசுவோரின் அபிப்பிராயத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அடுப்பில் ஈர விறகை வைத்தால் கண்ணைக் கரிக்கும் புகையும், அதே விறகு காய்ந்து கொழுந்துவிட்டு எரியும்போது ஏறத்தாழப் புகையற்ற சுவாலையும் எழுவதை எல்லோரும் அறிவோம். பொருள் ஒன்றே, வேறுபட்டது தீயின் தரம். கரிமப் பொருள் எதுவாயினும், மிகுந்த உஷ்ணத்தில், போதுமான பிராணவாயுவோடு, போதுமான நேரம் இருந்தால் அதன் மூலக்கூறுகள் சிதைந்து நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் முடிகின்றன. சூளையின் வாயுக்கள் 1200 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நான்கைந்து விநாடிகள் தங்குகின்றன. தனி எரியுலைகளில் இரண்டு விநாடியே பெரிதாகக் கருதப்படுகிறது. குளோரினிலிருந்து பிறக்கும் அமிலத்தைச் சுண்ணாம்பு விழுங்கிவிடுகிறது. சாம்பல் கிளிங்கரோடு கலந்துவிடுவதால் தனியே புதைக்க வேண்டியதுமில்லை. போபால் யூனியன் கார்பைடு வளாகத்தில் நாற்பதாண்டுகள் கிடந்த 337 டன் கழிவு 2025இல் பீதம்பூரின் எரியுலையில் எரிக்கப்பட்டபோது, எரித்ததைவிட அதிக எடையுள்ள சாம்பலும் எச்சமும் மிஞ்சி, அதை எங்கே புதைப்பது என்ற மறுகேள்வி எழுந்ததை நினைத்துப் பார்த்தால் இந்தச் சௌகரியத்தின் மதிப்பு விளங்கும். ஜெர்மனியில் சிமெண்ட் ஆலைகளின் வெப்பத் தேவையில் பாதிக்கு மேல் கழிவுகளிலிருந்தே கிடைக்கிறது.

ஆனால் இந்த நற்சாட்சிப் பத்திரத்தில் சில நிபந்தனைகள் உண்டு. முதலாவதாக, கழிவு எல்லாமும் அந்த 2000 டிகிரித் தீக்குள் போடப்படுவதில்லை. டயர்த் துண்டும் குப்பை எரிபொருளும் பெரும்பாலும் சூளைக்கு முன்னுள்ள கால்சினர் என்னும் அறையில் சேர்க்கப்படுகின்றன. அங்கே வெப்பம் 900 டிகிரியை ஒட்டியதே. குளோரின் மிகுந்த கழிவைப் பிரதானத் தீயில்தான் இட வேண்டும் என்பதும், சூளையை மூட்டும்போதும் அணைக்கும்போதும் கழிவையே சேர்க்கக் கூடாது என்பதும் இதனால் ஏற்பட்ட நியதிகள். இரண்டாவதாக, பாதரசமும் தாலியமும் எந்த உஷ்ணத்துக்கும் அழிவதில்லை. அவை ஆவியாகிப் புகைபோக்கி வழியே தப்பிவிடும். உள்ளே போகும் கழிவில் அவை இல்லாதபடி முன்கூட்டியே பார்த்துக்கொள்வது ஒன்றே வழி. மூன்றாவதாக, டயாக்சின் என்ற கொடிய நஞ்சு, தீயில் முற்றிலும் சிதைந்தபின்னும், புகை 450 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு இறங்கும் வழியில் மெதுவாகக் குளிர்ந்தால் மீண்டும் உருவாகும் இயல்புடையது. 1976இல் இத்தாலியின் செவெசோ நகரத்தருகே ஓர் இரசாயன ஆலையிலிருந்து கிளம்பிய மேகத்தினால் உலகம் அறிந்த இந்த நஞ்சு உள்ளிட்டவற்றைக் குறித்து ஏற்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, அபாயகரக் கழிவை எரிக்கும் சிமெண்ட் சூளைகளையும் டயாக்சினின் பிறப்பிடங்களுள் ஒன்றாகப் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறது. அந்த உடன்படிக்கையை இந்தியா 2006இல் ஏற்றுக்கொண்டது.

சுற்றுப்புறத்துக்கு நன்மை என்று இத்தொழிலினர் கூறும் இன்னொரு வாதத்தையும் சற்று நிறுத்துப் பார்க்கலாம். நிலக்கரிக்குப் பதில் கழிவை எரித்தால் கரியமில வாயு குறையும் என்பது உண்மையே. ஆனால் நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், எதை வைத்துச் சுட்டாலும், 44 கிலோ கரியமில வாயு கல்லிலிருந்தே வெளிப்படும். சிமெண்டின் கரிப் பாரத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இதுதான். எரிபொருளை மாற்றுவது மிச்சப் பகுதியைத் தொடுவதோடு சரி.

நிர்ணயங்களைப் பார்ப்போம். கழிவையும் சேர்த்து எரிக்கும் சிமெண்ட் ஆலையின் புகையில், ஒரு கன மீட்டருக்குத் தூசி 30 மில்லிகிராமுக்கும், ஹைட்ரஜன் குளோரைடு 10 மில்லிகிராமுக்கும், பாதரசம் 0.05 மில்லிகிராமுக்கும், டயாக்சினும் அதன் உறவான ஃபியூரானும் சேர்ந்து 0.1 நானோகிராமுக்கும் மேற்படக் கூடாது. நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. தூசி, கந்தக டையாக்ஸைடு, நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஆகியவற்றை இடைவிடாமல் அளந்து வாரியத்துக்கு அனுப்பும் கருவிகளைப் பொருத்தும்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் சிமெண்ட் உள்ளிட்ட பதினேழு வகைத் தொழில்களுக்கு உத்தரவிட்டது. டயாக்சினை அப்படி அளக்கக் கருவியில்லை. புகையைப் பல மணி நேரம் உறிஞ்சி வடிகட்டியில் சேகரித்து, திருவனந்தபுரத்தில் உள்ளதைப் போன்ற சில ஆய்வுக்கூடங்களுக்கே அனுப்பிப் பார்க்க வேண்டும், செலவும் அதிகம். ஆண்டு முழுதும் எரியும் சூளையின் யோக்கியதையை அபூர்வமாக நடக்கும் அந்தச் சில மணி நேரப் பரிசோதனையைக் கொண்டு எடைபோடுகிறோம். முன்கூட்டித் தெரிந்த பரிசோதனை நாளில் எந்த ஆலைதான் ஒழுங்காக நடந்துகொள்ளாது?

அரியலூர் ஜனங்களிடம் காற்றைப் பற்றிக் கேட்டால் அவர்கள் டயாக்சினைச் சொல்ல மாட்டார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளைச் சொல்வார்கள். தார்ப்பாய் மூடாமல் பறக்கும் டிப்பர்களும், அவற்றின் பின்னே எழும் வெண்புழுதியும், சாலையோரத்து வேப்பிலையிலும் வீட்டுத் திண்ணையிலும் படியும் மாவும், அந்த லாரிகளால் நேர்ந்த உயிர்ச்சேதங்களும்தான் அங்கே பல்லாண்டுகளாகப் போராட்டங்களுக்குக் காரணமாயின. கண்ணுக்குத் தெரியும் தீமைக்கு ஜனங்கள் அளிக்கும் முதலிடம் இயல்பானதே. ஆனால் கண்ணுக்குத் தெரியாத தீமையை அறிவிப்பதற்கென்றே ஏற்பட்ட ஸ்தாபனங்கள் அதைச் சொல்லாமலிருந்தால், மக்கள் தாமாக அறிய வேறு மார்க்கமில்லை.

பெரிய சூளையைப் பற்றி இவ்வளவு சொன்னது, சிறிய சூளைகளோடு ஒப்பிடுவதற்காகவே. என் அபிப்பிராயத்தில் உண்மையான ஆபத்து அங்கேதான் அதிகம். கழிவு விலையுள்ள பண்டமாகிவிட்ட பிறகு, அதை வாங்கும் தகுதியுள்ளவர்கள் சிமெண்ட் ஆலைகள் மட்டும்தான் என்று சந்தை கருதுவதில்லை. செங்கல் சூளைக்காரர், சாயப்பட்டறையின் பாய்லர்க்காரர், வெல்லம் காய்ச்சுகிறவர் ஆகிய எல்லோருக்கும் விறகின் விலை ஏறிக்கொண்டே போகிறது. உத்தரப் பிரதேசத்து முசாஃபர்நகரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் கரும்புச் சக்கையோடு பிளாஸ்டிக்கும் ரப்பரும் எரிக்கப்படுவதும், அங்குள்ள காகித ஆலைகள் இறக்குமதிக் காகிதக் கட்டுகளில் கலந்துவந்த பிளாஸ்டிக்கை எரிப்பதும் பலமுறை நடவடிக்கைக்கு உள்ளாகியிருக்கின்றன. திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் பாய்லருக்குப் பனியன் வேஸ்ட் போடுவதும் அறியப்பட்டதே.

அரியலூர் மாவட்டத்தின் சொந்தச் சரக்கும் ஒன்று உண்டு. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பகுதிகளிலும் அடுத்துள்ள பண்ருட்டியிலும் பரவியுள்ள முந்திரித் தோப்புகளின் கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்தபின் மலைமலையாகக் குவியும் ஓடுதான் அது. அந்த ஓட்டின் எடையில் நான்கில் ஒரு பங்குக்குச் சமமாகவோ மேலாகவோ ஒருவகை எண்ணெய் இருக்கிறது. கொட்டை உடைக்கும் பெண்களின் விரல் தோலை அரித்துப் புண்ணாக்குவது அந்த எண்ணெய்தான். விறகைவிட உக்கிரமாக எரிவதால் ஓட்டுக்குக் கிராக்கி அதிகம். எண்ணெயைப் பிழிந்தெடுத்த பிண்ணாக்கு ஓரளவு சாதுவாக எரியும். பிழியாத ஓட்டைக் காற்றோட்டமில்லாத அடுப்பிலோ நாட்டுச் சூளையிலோ இட்டால், கன்னங்கரேலென்று எழும் புகை தொண்டையைப் பிடிக்கும், கண்ணில் நீர் வழியும். இதே ஓடு, தகுந்த உலையில், தகுந்த காற்றோடு எரிந்தால் இத்தனை கேடில்லை. மீண்டும் தீயின் தரமே விஷயம்.

செங்கல் சூளையில் அந்தத் தரத்தை எதிர்பார்க்க முடியாது. புகைபோக்கியுள்ள சேம்பர் சூளையாயினும், பச்சைக் கல்லையே அடுக்கிக் களிமண் பூசி மூட்டிவிடும் நாட்டுச் சூளையாயினும், அதன் வேலையே நாட்கணக்கில் புகைந்து புகைந்து மெல்லச் சூடேறுவது. டயரோ ரெக்சினோ பி.வி.சி. ஒயரோ அந்த மந்தமான தீயில் விழுந்தால், டயாக்சின் உண்டாவதற்கு எந்தெந்தச் சூழ்நிலை வேண்டுமென்று ரசாயன சாஸ்திரம் சொல்கிறதோ அத்தனையும் அங்கே பூர்த்தியாகின்றன. வீட்டுக் கொல்லைகளில் பீப்பாய்களில் குப்பை எரிக்கும் சில பத்துக் குடும்பங்கள், நாளொன்றுக்கு 200 டன் குப்பையை எரிக்கும் நவீன எரியுலைக்குச் சமமான டயாக்சினை வெளியிடக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் கண்டது கால் நூற்றாண்டுக்கு முந்திய செய்தி. செங்கல் சூளைகளில் பெட்கோக், டயர், பிளாஸ்டிக், அபாயகரக் கழிவு ஆகியவற்றை எரிக்கக் கூடாது என்று மத்திய அரசாங்கம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட அறிவிக்கை தெளிவாகவே தடுத்திருக்கிறது. ஆயினும் அதே அறிவிக்கை சூளைப் புகையில் அனுமதிக்கும் தூசி கன மீட்டருக்கு 250 மில்லிகிராம். கழிவெரிக்கும் சிமெண்ட் ஆலைக்கு அனுமதித்ததைவிட எட்டு மடங்குக்கு மேல். புகைபோக்கியே இல்லாத நாட்டுச் சூளையில் இந்த அளவையும் எங்கே வைத்து அளப்பது? கொள்ளிடத்து வண்டல் மண் செங்கல்லுக்கு உகந்தது என்பதையும், தா.பழூர் போன்ற ஒன்றியங்களில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து நிற்கும் நாள் ஆண்டில் எத்தனை என்பதையும் சேர்த்து யோசிக்கிறவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. அதிலும் மார்கழி, தை மாத விடியல்களில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும்போது, ஊரோரத்துத் தாழ்ந்த புகை மேலே ஏற வழியின்றி ஊருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. உயரமான சிமெண்ட் புகைபோக்கிக்கு அந்தத் தோஷம் குறைவு.

அளவைகள் எல்லாம் அதிகாரிகளின் ஏகபோகமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்குப் பக்கத்து மாவட்டமே உதாரணம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஈச்சங்காடு, செம்மங்குப்பம், குடிகாடு முதலிய கிராமத்தவர்கள் 2004ஆம் ஆண்டில் நாற்றத்தைக் குறித்துப் புகார் சொல்லிச் சலித்தபின், எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து, என்ன வாடை என்று தாங்களே நோட்டில் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பிரத்தியேகமான பையைப் பொருத்தி, நாற்றம் வீசும் தருணத்திலேயே காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நச்சு ரசாயனங்கள், புற்றுநோய் விளைவிப்பவை உட்பட, அந்தக் காற்றில் அகப்பட்டன. அதுவரை வெறும் நாற்றம் என்று தள்ளப்பட்டது அதன்பின் தள்ள முடியாததாயிற்று. உச்ச நீதிமன்றம் அமைத்த அபாயகரக் கழிவுக் கண்காணிப்புக் குழுவும் அந்த ஆண்டே கடலூருக்கு வந்து பார்த்தது.

மத்திய வாரியம் நாள்தோறும் வெளியிடும் காற்றுத்தரப் பட்டியலில் அரியலூரின் பெயரும் இப்போது இடம்பெறுகிறது, இது வரவேற்கத்தக்கதே. இந்திய நிர்ணயப்படி நுண்துகளின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் சொன்ன அளவோ 5. இந்த இடைவெளியைப் பற்றிய தர்க்கம் தனிக் கட்டுரைக்குரியது. ஆனால் நுண்துகளை அளக்கும் நிலையம், சூளைக்குள் சென்ற லாரியில் என்ன இருந்தது என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்லும் காகிதம் இல்லாமலில்லை. அபாயகரக் கழிவு ஏற்றிய ஒவ்வொரு லாரியும் பத்தாம் படிவம் என்ற சீட்டோடுதான் புறப்பட வேண்டும். எந்த ஆலையின் கழிவு, என்ன வகை, எத்தனை டன், யாரிடம் போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தச் சீட்டுக்கு ஏழு நகல்கள், ஏழு நிறங்களில். வெள்ளையும் பச்சையும் மாநில வாரியத்துக்கு, மஞ்சளும் நீலமும் அனுப்பியவருக்கு, இளஞ்சிவப்பு பெற்றவருக்கு, ஆரஞ்சு லாரிக்காரருக்கு, சாம்பல் நிறம், கழிவு வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தால் அந்த மாநிலத்து வாரியத்துக்கு. எவருடைய எல்லையில் அது எரியப் போகிறதோ அந்த ஊராட்சிக்கு நகல் கிடையாது. அபாயகரமென்று வகைப்படுத்தப்படாத குப்பை எரிபொருளுக்கோ இந்த ஏழு நிறமும் தேவையில்லை. நகரத்தார் தங்கள் குப்பை மேட்டைக் கரைத்துப் பூங்கா போடும்போது, அந்தக் குப்பை கடைசியாகச் சேருமிடத்து ஜனங்கள் அதன் அளவையாவது அறிந்திருப்பது குறைந்தபட்ச மரியாதை என்றே நான் கருதுகிறேன்.

இதற்குப் புதிய சட்டமும் அவசியமில்லை. கழிவைப் பெற்று எரிக்கும் ஆலை, முந்திய நிதியாண்டின் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30க்குள் வாரியத்துக்கு அளித்தாக வேண்டும் என்பது இப்போதே உள்ள விதி. கிராமசபை ஆகஸ்ட் 15 அன்று கூடுகிறது. அந்தக் கணக்கையும் புகைபோக்கிப் பரிசோதனை முடிவையும் ஒரே பக்கத்தில் தமிழில் சுருக்கி, ஆலை இருக்கும் ஊராட்சியில் மட்டுமல்லாமல் மேல்காற்று போகும் வழியிலுள்ள ஒன்றியங்களிலும் படித்துக் காட்டுவதற்கு, இடையில் ஆறு வாரத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது.